டைலர்

லாட்ஜ் என்றால் ரூம் போடும் இடம் என்றுதான் நினைப்பீர்கள்.
இது வேற.
கொக்கிரகுளத்தில், ஆற்றுக்கு இறங்குகிற தெருவில்,
ஜன்னலையெல்லாம் உயரத்தில் வைத்துக் கட்டிய மஞ்சள் கட்டிடம்.
தலைவெட்டிக் கோயில் என்போம் சின்ன வயசில்.
ஆறரை மணிக்குமேல் அந்தச் சுவருக்குள் விழுந்த பந்து
அவர்களுடைய பந்து.

நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதச் சொன்னார்கள்.
முப்பத்தொரு வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவன்,
ஒன்பது வருஷ உறுப்பினன்.
"நாலு பக்கம் போதும் அண்ணாச்சி,
விளம்பரம் நெறைய வந்திருக்கு."

மினிட்ஸ் புத்தகம் பதினேழு.
மூன்றை வெள்ளத்தில் ஆறே வந்து வாசித்துவிட்டுப் போயிருந்தது.
மிச்சத்தில் இருந்தது:
காலரா வருஷம் கிணறுகளுக்குச் சுண்ணாம்பு, பதினாறு வண்டி.
கஞ்சித்தொட்டிக்குக் கேப்பை.
கண்புரை அறுத்த நாற்பது பேருக்குக் கண்ணாடி,
அதில் இரண்டு பேர் மாற்றிப் போட்டுக்கொண்டு
ஒரு மாசம் திருப்தியாக இருந்திருக்கிறார்கள்.
வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதாம்.
செலவுச் சீட்டில் இரண்டும் கையெழுத்துப் போட்டிருந்தன.

முப்பத்துநாலு, ஜூலை.
கம்பவுண்டர் மாசானமுத்துவைச் சேர்க்க ஓட்டு.
பெட்டிக்குள் வெள்ளைக் குண்டு போட்டால் சம்மதம்.
கறுப்பு ஒன்றே ஒன்று விழுந்தாலும் கதவு சாத்தியாச்சு.
விழுந்தது.
மறு வருஷமும் ஒன்று.
காரணம் எழுதும் வழக்கமில்லை.
அவர் அப்பா சவரக்கத்தி பிடித்தவர் என்பதை
இப்போதும் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. திறந்து பார்த்தேன்.
வெள்ளைக் குண்டெல்லாம் கைபட்டுக் கைபட்டுப் பழுப்பாகிவிட்டது.
கறுப்பு மட்டும்
நேற்றுக் கடைந்ததுபோல.

முப்பத்தெட்டில் மாசானமுத்து இறந்துபோனார்,
வார்டில் தொற்றிய காய்ச்சல்.
மனைவி ஆவுடையம்மாளுக்குத் தருமக் கணக்கில்
தையல் மெஷின் ஒன்று.
அடுத்த வரி:
'மெஷின் திரும்பி வந்தது.
வண்டிக் கூலி ஆறணாவை அந்த அம்மாளே கொடுத்துவிட்டார்.'

ஆறணாவை வரவில் எழுதுவதா, செலவிலா?
அன்றைய பொருளாளர் தடுமாறியிருக்கிறார்.
இரண்டு பத்திக்கும் நடுவே
சிவப்புக் கோட்டின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்.
நானாக இருந்தாலும் அங்கேதான் எழுதியிருப்பேன்.

கூட்டம் நடக்கையில் கதவுக்கு வெளியே
உருவிய வாளோடு ஒருத்தர் நிற்கவேண்டும்.
அந்தப் பதவிக்கு டைலர் என்று பெயர்.
சம்பளத்துக்கு நின்றவர் வேதக்கண்.
பெயரைக் கேட்டு
கால்சட்டைத் துணியோடு வந்தவர்களையெல்லாம்
பதினெட்டு வருஷம் திருப்பி அனுப்பியவர்.
மெஷின் வராந்தாவில், சாக்கு போர்த்திக் கிடந்தது.
உள்ளே இரண்டு மணி நேரம் ரகசியம்.
வெளியே வாளைச் சுவரில் சாத்திவிட்டு
வேதக்கண் மிதிக்கப் பழகினார்.

'கதவருகே இரைச்சல். டைலர் கண்டிக்கப்பட்டார்'
என்று ஒரு கூட்டத்தில்.
அடுத்த கூட்டத்தில், நூல் வாங்க ஒன்றேகால் ரூபாய்.
அப்புறம் பதினைந்து வருஷம்
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடுப்பு,
அறுநூற்றுப் பன்னிரண்டு.
கடைசிவரை அவரை உள்ளே கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

உடுப்பு வாங்கியவர்கள் பட்டியலில்
ஆவுடையம்மாள் பிள்ளைகளைத் தேடினேன், விரல் வைத்து.
இல்லை.
இருந்துவிடக் கூடாதே என்றுதான் தேடினேன்.

நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
தலைவர் நல்ல மனுஷன்,
போன வாரம்கூட ஒரு லாரிக்காரருக்கு
டயாலிசிஸ் பணம் கட்டினார், யாருக்கும் சொல்லாமல்.
பேனாவை மூடியபடி கேட்டார்:
"அந்த ஆறணா மட்டும் வேண்டாமே அண்ணாச்சி?"

மலர் வந்துவிட்டது, வழவழ தாளில்.
மூன்றாம் பக்கத்தில், ஆறணா இருந்த இடத்தில்,
வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை விளம்பரம்.
ரெடிமேட் உடுப்பு கிடைக்கும்.